விடியறதுக்கு முன்னாடி ரிவர்ஸ் எடுத்து வந்த அந்த ப்ளோ டிரைவருக்கு

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வீட்டுக்கு வந்துட்டார், ரெண்டு வாய் சாப்பிட்டார், இப்ப நல்லா தூங்கறார். அந்தப் பனி ஸ்டார்ம் நேரத்துல எங்க வீடு பட்ட பாடு இதைப் படிக்கிற முக்காவாசிப் பேருக்குத் தெரியும், அதனால அதையெல்லாம் திரும்ப எழுதப் போறதில்ல, எழுதற தெம்பும் இப்ப இல்ல. நன்றி சொல்றதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்னுதான் கையோட உக்காந்துட்டேன். கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒருத்தருக்கு. பேர் தெரியாது, அண்ணனா அக்காவான்னு கூடத் தெரியாது, ஏன்னா வண்டிக் கண்ணாடி முழுக்க பனி அப்பிக் கிடந்துச்சு, மேல சுத்தற ஆரஞ்சு லைட்டும் ஹெட்லைட் வெளிச்சத்துல பறக்கற பனியும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நம்ம தெருவுக்கு அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி வந்த ஸ்னோ ப்ளோவை, அதாவது முன்னாடி பெரிய பிளேடு வச்சு ரோட்டுப் பனியைத் தள்ளற வண்டியை, ஓட்டினவங்க.

பனி ஊர்ல இருக்கறவங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம், ப்ளோ வந்தா சந்தோஷமும் வரும் வயித்தெரிச்சலும் வரும். ரோட்டுல இருக்கறதையெல்லாம் ஓரமாத் தள்ளிட்டே போகும்போது ரோட்டுல இருந்து வீட்டுக்குள்ள கார் வர்ற நம்ம டிரைவ்வே வாசல்ல ஒரு கரையைக் கட்டிட்டுப் போயிடும். புதுசா விழுற பனி பஞ்சு கணக்கா இருக்கும், அள்ளிடலாம், ஆனா ப்ளோ தள்ளின பனி அப்படி இல்ல, பனி உருகறதுக்காக ரோட்டுல போட்ட உப்பும் சகதியும் நசுங்கின ஐஸ் கட்டியும் கலந்து கொஞ்ச நேரத்துல இறுகிடும், ஷவலைக் குத்தினா டங்குன்னு திருப்பி அடிக்கும். அப்பாவைக் கூட்டிட்டுப் போற வேன் வரணும், டயாலிசிஸ் ஏற்கனவே தள்ளிப்போயிருந்துச்சு, இன்னும் தள்ளினா உடம்புல தண்ணியும் பொட்டாசியமும் ஏறி ஹார்ட்டுக்கே ஆபத்துன்னு நர்ஸ் போன்ல தெளிவாச் சொல்லிட்டாங்க. அதனால நானும் அம்மாவும் இருட்டுலயே இறங்கி வாசலை வழிச்சு முடிச்சோம். முடிச்சு நிமிர்றோம், தெருமுனையில ஆரஞ்சு லைட்டு.

அம்மா ஒண்ணுமே சொல்லல. ஷவலை நட்டு வச்சு அது மேல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு அப்படியே நின்னாங்க. வண்டி எங்களைத் தாண்டிப் போச்சு, வழக்கம் போல முழங்கால் உசரத்துக்குக் கரை விழுந்துச்சு. நான் தலையில கை வச்சுட்டேன். அடுத்து நாலஞ்சு வீடு தாண்டியிருக்கும், பிரேக் லைட் எரிஞ்சுது, அப்புறம் பீப் பீப்னு ரிவர்ஸ் சத்தம். அவ்ளோ பெரிய வண்டி, பின்னாடி உப்பு லோடோட, மெதுவா, ரொம்ப மெதுவா பின்னாடியே வருது. எங்க வாசலைத் தாண்டி நின்னுச்சு, பிளேடு கொஞ்சம் தூக்கி நேராத் திரும்புச்சு, டொப்புனு இறங்குச்சு, தார்ல இரும்பு உரசி கர்ருனு ஒரு சத்தம், ஒரே இழுப்புல மொத்தக் கரையையும் எங்க வேலிக்கு அந்தப் பக்கம் யாரோட வாசலும் இல்லாத காலி இடத்துல கொண்டுபோய் சேர்த்துடுச்சு. ரெண்டு தடவை ஹாரன், சின்னதா. போயிடுச்சு. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருந்தா அதிகம். அம்மா கையைத் தூக்கிக் கும்பிட்டாங்க, அது அந்தக் கண்ணாடிக்குள்ள தெரிஞ்சிருக்குமான்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டுட்டே இருக்காங்க.

எதிர் வீட்டு அங்கிள் ப்ளோ ஓட்டி ரிட்டயர் ஆனவர், அவர்கிட்ட இதைச் சொன்னதும் முதல்ல நம்பவே இல்ல. சாதாரணமா இப்படிச் செய்யவே மாட்டாங்களாம், செய்யவும் கூடாதாம். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நின்னு திரும்பினா ஒரு தெரு முடிய வேண்டிய நேரத்துல கால் தெரு கூட முடியாது, அதுக்குள்ள மெயின் ரோட்டுல திரும்பப் பனி சேர்ந்துடும், ஆஸ்பத்திரி ரோடு, பஸ் போற ரோடு, மேம்பாலம் இதெல்லாம் முதல்ல, நம்மள மாதிரி உள் தெரு கடைசியில. அதுவும் இருட்டுல ரிவர்ஸ் எடுக்கறதுதான் ப்ளோ ஓட்டறவங்களுக்குப் பெரிய பயம், பின்னாடி யார் நிக்கறாங்க, எந்தக் கார் பனிக்குள்ள புதைஞ்சு கிடக்குன்னு கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. "அவங்க உங்கம்மாவைப் பாத்திருக்காங்க, அந்த நேரத்துல அந்த வயசுல ஷவலோட ஒருத்தங்க நின்னா ஏதோ அவசரம்னு புரிஞ்சிருக்கும்"னார் அங்கிள். பாத்ததோட போகாம நின்னாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த மடலே.

வேன் வந்துச்சு, டயர் ஒரு சுத்து கூட வழுக்காம உள்ள வந்து அப்பாவை ஏத்திக்கிட்டுப் போச்சு. அப்பா வழியில "ரோடு கருப்பா தெரியுதும்மா"ன்னு சந்தோஷமாச் சொன்னார். வேன் டிரைவர் சிரிச்சுட்டு, கருப்பா தெரியறதெல்லாம் நல்ல ரோடு இல்ல சார், ப்ளாக் ஐஸும் கண்ணாடியாட்டம் மெல்லிசாப் படிஞ்சு கருப்பாத்தான் தெரியும்னு சொல்லிட்டு, பாலம் வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சார். பாலத்துக்கு அடியிலயும் குளிர் காத்து போறதால மத்த ரோட்டுக்கு முன்னாடி அதுதான் உறையுமாம். அவ்ளோ பொறுமையா ஓட்டின அந்த வேன் டிரைவருக்கும் நன்றி.

இன்னும் நிறைய பேர் இருக்காங்க, ஒவ்வொருத்தரையா எழுதினா இது முடியாது. எத்தனை தடவை கூப்பிட்டாலும் எரிஞ்சு விழாம பதில் சொன்ன கன்ட்ரோல் ரூம் பொண்ணு, அப்பாவுக்காக ஷிப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம இருந்த நர்ஸுங்க, ராத்திரி முழுக்க யார்டுல உப்பும் மணலும் லோடு பண்ணினவங்க, உடைஞ்ச பிளேடை அந்தக் குளிர்ல மாத்திக் குடுத்த மெக்கானிக்குங்க, சொல்லாமலே எங்க நடைபாதையை வழிச்சு விட்ட பக்கத்து வீட்டுப் பசங்க, அம்மாவுக்கு ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டு வந்து குடுத்த மாடி வீட்டு அக்கா, எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி.

அப்புறம் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நம்ம தெருவுல நிறைய பேர் "உப்பே போடல, வெறும் மண்ணைக் கொட்டிட்டுப் போறானுங்க"ன்னு திட்டினாங்க. சாதா உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழ போயிட்டா பேருக்குத்தான் வேலை செய்யும், அன்னிக்கு அதையும் தாண்டிப் போயிருந்துச்சு, அதான் டயருக்குப் பிடிப்பு கிடைக்கட்டும்னு மணல் போட்டாங்க, மணல் பனியை உருக்காது, வழுக்காம மட்டும் பாத்துக்கும். ஸ்டார்முக்கு முந்தின நாள் மத்தியானம், நல்ல வெயில்ல ரோட்டுல வெள்ளை வெள்ளையா கோடு போட்டிருந்தாங்களே, அதையும் வேலை இல்லாத வேலைன்னு கிண்டல் பண்ணினாங்க. அது உப்புத்தண்ணி, நூத்துக்கு 23 பங்கு உப்பு, அந்த அளவுல கலந்தா மைனஸ் 21 வரைக்கும் உறையாது. விழுற பனி தாரோட ஒட்டிக்காம இருக்கத்தான் முன்னாடியே தெளிக்கறாங்க, ஒட்டிக்கிட்ட அப்புறம் உருக்கணும்னா பல மடங்கு உப்பு வேணும், அந்த உப்பு எங்கயும் போயிடாது, அப்படியே கரைஞ்சு ஆத்துக்கும் கிணத்துக்கும்தான் போகும். இதெல்லாம் அங்கிள் சொல்லித்தான் எனக்கே தெரியும். திட்டறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, மனுஷன் பேச ஆள் கிடைச்சா விடமாட்டார்.

எங்க வீட்டு சார்பா ஒரு முடிவும் எடுத்திருக்கோம். இனிமே பனி எச்சரிக்கை வந்த ராத்திரி எங்க கார் ரோட்டுல நிக்காது, வீட்டு முன்னாடி இருக்கற தீயணைப்புக் குழாயைச் சுத்தி நாங்களே வழிச்சு வைப்போம். அதோட அங்கிள் சொன்ன ஒரு வேலை, ப்ளோ எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கம் டிரைவ்வேக்கு முன்னாடியே ரோட்டோரத்துல ஒரு கார் நிக்கற அளவுக்கு வழிச்சு காலி பண்ணி வைக்கணும். பிளேடுல இருக்கற பனி முக்காவாசி அந்தக் காலி இடத்துல கொட்டிடும், வாசலுக்கு வரும்போது பிளேடு காலியா இருக்கும். அன்னிக்கு ஒருத்தங்க எங்களுக்காக ரிவர்ஸ் எடுத்தாங்க, இன்னொருத்தர் எடுக்க வேண்டிய நிலைமை எங்க வாசல்ல வரக்கூடாது. முடிஞ்சவங்க நீங்களும் செஞ்சு பாருங்க, முதுகுக்கும் நல்லது.

ப்ளோ டிப்போவுல வேலை பாக்கறவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, அன்னிக்கு நம்ம தெரு ரூட்ல இருந்தது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேரை இங்க போட வேணாம், ரிவர்ஸ் எடுத்ததுக்கு யாராவது ஏதாவது கேட்டுடப் போறாங்க. அம்மா கும்பிட்டாங்கன்னு மட்டும் அவங்க காதுல போட்டுடுங்க. வியாழக்கிழமை ராத்திரி திரும்பவும் பனின்னு சொல்றாங்க, காரை உள்ள எடுத்தாச்சு, வாசலுக்கு முன்னாடி இடமும் வழிச்சாச்சு.