சுஹாசினி என்னும் இயக்குநர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சுஹாசினியைப் பற்றி எழுதும்போதெல்லாம் சாருஹாசனின் மகள், கமல்ஹாசனின் அண்ணன் மகள், மணிரத்னத்தின் மனைவி என்ற உறவுமுறைகளையே முன்னிறுத்துவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. 1980இல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்தில் நடிக்க வருமுன்பே சென்னையில் ஒளிப்பதிவு பயின்று, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகப் பணியாற்றியவர் அவர். 'சிந்து பைரவி'யில் நடித்துத் தேசிய விருது பெற்ற பின்னரும் நடிப்போடு நின்றுவிடாமல், சாதியால் பிளவுண்ட கிராமத்தைக் களமாகக் கொண்டு 1995இல் 'இந்திரா'வை இயக்கினார். அந்தத் துணிவு இன்னும் உரிய அளவில் பேசப்படவில்லை என்பதே என் எண்ணம்.

திருகோணமலையில் குறும்படம் எடுக்க விரும்பும் இளம்பெண்கள் கமராவுக்குப் பின்னாலும் நிற்க வேண்டும். அதற்கான பயிற்சியை இங்குள்ள கலை மன்றங்கள் ஒழுங்கு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.