ஏழு மாதத்தில் பிறந்த பேரனுக்காக, அம்மம்மாவுக்கு

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

பிள்ளைகளின் கைகால் அசைவுக்குப் பயிற்சி கொடுக்கிற எங்கள் பிசியோ கிளினிக்கில் எல்லோரும் உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். போன முறை வெளியே அவ்வளவு பேர் காத்திருந்ததால் உங்களோடு ஆறுதலாகக் கதைக்க முடியவில்லை. மகள் இதை வாசித்துக் காட்டட்டும்.

"ஆறு மாதமாகுது, இன்னும் கழுத்து நிக்கல்லையே" என்று கேட்டீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். 40 வாரம் வயிற்றில் இருக்க வேண்டியவன் 30 வாரத்திலேயே வந்துவிட்டான். அந்த 10 வாரத்தைக் கழித்துத்தான் அவன் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும், இரண்டு வயதுவரை அப்படித்தான். ஆக அவனுக்கு இப்போது மூன்றரை மாதம். கழுத்தை நினைத்து இன்றைக்கே பயப்பட வேண்டாம். பக்கத்து வளவுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மகளை அழ வைக்கவும் வேண்டாம்.

எனக்குக் கவலை அவனுடைய கால்களைப் பற்றித்தான். துணி மாற்றும்போது இரண்டும் விறைத்து, கத்திரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகின்றன. மடியில் நிறுத்தினால் நுனிவிரலில் ஊன்றி நிற்கிறான். "பேரனுக்குக் கால் நல்ல பலம்" என்று சந்தோஷப்பட்டீர்கள். அது இறுக்கம், அம்மம்மா. அப்படி நிறுத்தி விளையாட்டுக் காட்டுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குறைமாதப் பிள்ளைகளின் மூளையில், கால்களுக்குச் செய்தி போகும் பாதை எளிதில் பாதிக்கப்படும். இது செரிபிரல் பால்சி, அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கைகால் அசைவு கெடுகிற நிலை, என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை, சொல்லாமலும் போகலாம். ஆனால் அந்தப் பெயர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மூளை வேகமாகப் பழகுகிற காலம் இதுதான்.

குளிக்க வார்த்த பிறகு காலை நீவி இழுக்கிறீர்கள் அல்லவா? எண்ணெய் தடவுங்கள், அவனுக்கும் பிடிக்கும். இழுக்க மட்டும் வேண்டாம். வெடுக்கென்று இழுத்தால் இறுகிய தசை இன்னும் இறுகும். முழங்கால்களை மடக்கி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல உருட்டுங்கள். கால் இளகுவது உங்கள் கைக்கே தெரியும். அப்புறம் கணுக்காலில் பிடிக்காமல், தொடையில் பிடித்து மெதுவாக விரியுங்கள். தூக்கும்போது ஒரு கையால் தலையையும் முதுகையும் தாங்கி, உங்கள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கால் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்றே பெரிய வைத்தியம்.

விழித்திருக்கும் நேரம் ஏணையில் கிடக்க வேண்டாம். பன்பாயில் குப்புறப் போட்டு, சாறனைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் வையுங்கள். நீங்களும் முகத்துக்கு நேரே படுத்துக் கதை சொல்லுங்கள். உங்கள் குரலுக்குத்தான் தலையைத் தூக்குவான். அழுதால் தூக்கிவிட்டு, கொஞ்சம் கழித்துத் திரும்பப் போடலாம். தூங்கும்போது மட்டும் மல்லாக்க.

நாவூறு கழிப்பதையோ கோயிலில் நூல் கட்டுவதையோ நான் தடுக்கமாட்டேன். அதற்காகக் கிளினிக் நாளை விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மகளுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நம் மட்டக்களப்பில் மகள்மார் தாயின் வளவிலேயே குடியிருக்கிறார்கள், பிள்ளை வளர்வது அம்மம்மாவின் கையில். படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தாலும் என்னிடம் இருப்பது கொஞ்ச நேரம். மிச்சமெல்லாம் உங்களோடுதான். பிசியோ என்பது நான் கட்டிலில் வைத்துச் செய்து முடிக்கிற வேலை இல்லை. குளிப்பாட்டுவது, தூக்குவது, துணி மாற்றுவது எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும்.

ஒரு கையை மட்டும் எப்போதும் பொத்தியே வைத்திருந்தால், அல்லது பால் குடிக்கும்போது அடிக்கடி புரைக்கேறினால், திகதி வரும்வரை பார்த்திருக்காமல் கூட்டி வாருங்கள். இப்போது வெள்ளாமை வெட்டுக் காலம், மருமகனுக்கு நேரம் இருக்காது என்று தெரியும். மகளோடு நீங்களே வாருங்கள், கால் விரிக்கும் முறையை உங்கள் கையைப் பிடித்தே காட்டித் தருகிறேன். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள்.

அன்புடன்,
நீங்கள் "மகள்" என்று கூப்பிடும் பிசியோ