வாட்ஸ்டன் மலையும் குதிரை லாயமும்

அயில்ஸ்பரி, இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் விட்டுவிட்டது. இரவுப் பணி முடிந்து மருத்துவமனையை விட்டு வெளியே வரும்போதே இப்போது நன்றாக விடிந்திருக்கிறது. வாடகை கொடுத்தது போக மிச்சத்தை அடுத்த வாரம் அனுப்புகிறேன். அதில் முதலில் உங்கள் முழங்காலுக்கு வைத்தியம் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகுதான்.

கடிதம் எழுத உட்கார்ந்ததே வேறு ஒரு விஷயத்துக்காக. போன ஞாயிற்றுக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் கோட்டயத்துப் பெண்ணும் நானும் பக்கத்தில் இருக்கும் வாட்ஸ்டன் மாளிகைக்குப் போய்வந்தோம். அங்கே நின்ற நேரம் முழுவதும் உங்கள் நினைவுதான். நாற்பது வருடம் கொத்தனார் கரண்டி பிடித்த உங்கள் கை அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

விக்டோரியா மகாராணி காலத்து மாளிகை. கட்டியவர் ஃபெர்டினாண்ட் டி ரோத்சைல்ட் என்ற பிரபு, வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. அவரும் வெளியூர்க்காரர்தான்: பாரிஸில் பிறந்து, பிராங்க்பர்ட்டிலும் வியன்னாவிலும் வளர்ந்து, இருபது வயதுக்கு மேல் இங்கிலாந்துக்கு வந்தவர். கல்யாணமான மறு வருடமே மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். பிறகு அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. 1874-இல் இந்த நிலத்தை வாங்கினார். அப்போது இது மொட்டை மலை. இன்று காடு போல நிற்கும் மரங்களில் பல, வளர்ந்த மரங்களாகவே வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டவை.

அப்பா, இனிமேல்தான் உங்கள் காரியம். மலை உச்சியைச் சீவிச் சமப்படுத்தி, கடைக்கால் தோண்டிச் செங்கல் கட்டுமானத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அடியில் இருப்பது மணல் என்று. கட்டியது நிற்கவில்லை. அத்தனையையும் பிரித்தெடுத்துவிட்டு முப்பது அடி ஆழத்துக்குத் தோண்டி மறுபடியும் போட்டிருக்கிறார்கள். அதனால் அடிக்கல் நாட்டவே 1877 ஆகஸ்ட் ஆகிவிட்டது. பணக்காரர் என்பதால் தாங்கினார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கோ, போட்டது போகட்டும் என்று மேலே கட்டிவிடாமல் பிரிக்கச் சொன்னாரே, அந்த மனசு பெரிதாகத் தெரிகிறது.

பாத் நகரத்துக் கல், வெண்ணெய் நிறம். பொருள் கொண்டுவரத் தனியாகத் தண்டவாளம் போட்டு மலையடிவாரம் வரை நீராவி டிராம் ஓட்டினார்கள். அங்கிருந்து செங்குத்தான ஏற்றத்தில் வடக்கயிறு கட்டி எஞ்சினால் இழுத்தார்கள். மற்ற சாமான்களை இழுக்க பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து பெர்ஷரான் என்ற ஜாதிக் குதிரைகள் வந்தன. பார வண்டிக்கென்றே வளர்க்கும் தடித்த குதிரைகள் அவை.

வரைபடம் போட்டவர் டெஸ்டாயர் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் முதலில் போட்ட படம் மிகப் பெரிது என்று பிரபு ஒதுக்கிவிட்டார். எவரும் வீட்டைச் சிறிதாகத்தான் கட்டிவிடுகிறார்கள், பின்னால் வருத்தப்படுவீர்கள் என்று டெஸ்டாயர் எச்சரித்தாராம். அப்படியே ஆயிற்று. 1883-இல் புதுமனைப் புகுவிழா நடந்தது, ஆறு வருடத்தில் மறுபடி சாரம் கட்டி ஒரு பக்கத்தை நீட்டினார்கள்.

சுவருக்கு மேல்தான் சுவர் வர வேண்டும் என்று நீங்கள் வீட்டுக்காரர்களிடம் எத்தனை தடவை வாதாடியிருப்பீர்கள்! இங்கே மாடிச் சுவருக்கும் கீழ்ச் சுவருக்கும் சம்பந்தமே இல்லை. கல்லுக்குள்ளே எஃகுச் சட்டங்களை மறைத்து வைத்து, மேல்சுவர்களின் பாரத்தை அவற்றின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு முந்நூறு வருடத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கோட்டை. உள்ளே அந்தக் காலத்துப் புது வித்தை. வடக்கு முகப்பில் இரண்டு படிக்கட்டுக் கோபுரங்கள் இருக்கின்றன. படி சுற்றி ஏறும் போக்கிலேயே ஜன்னல் வரிசையும் சாய்ந்து ஏறுகிறது. பிரான்ஸின் ஷாம்போர் அரண்மனைப் படிக்கட்டைப் பார்த்துச் செய்தது. அங்கே திறந்தவெளி, இங்கே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். தங்கமும் பீங்கானும் நிறைந்த அறைகளை நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

என்னைக் கட்டிப்போட்டது குதிரை லாயம். மாளிகையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும் கட்டியிருக்கிறார்கள். டெஸ்டாயர் அதற்கு முகப்பை மட்டும்தான் வரைந்தார். உள்ளே எது எங்கே என்று முடிவு செய்தவர்கள், கட்டட வேலையைப் பார்த்த கான்வே என்பவரும் பிரபுவின் தலைமைக் குதிரைக்காரரும். குதிரையோடு பழகியவருக்குத்தானே தெரியும், அது திரும்ப எவ்வளவு இடம் வேண்டும், சாணத்தை எந்த வழியாக அள்ளிப் போவது, வைக்கோலை எங்கிருந்து இறக்குவது, வண்டி எங்கே நின்றால் பூட்ட வசதி என்பதெல்லாம்! சமையலறைக்கு நூல் பிடிக்கும் முன்பு அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். மற்ற மேஸ்திரிகள் உங்களைக் கேலி செய்வார்கள். அதே பழக்கத்தை இவ்வளவு பெரிய பிரபுவின் லாயத்தில் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே வந்திருந்தவர்கள் எல்லோரும் மாளிகையைத்தான் புகழ்ந்தார்கள். என்னைக் கேட்டால், அந்த மலையில் அறிவோடு கட்டிய கட்டடம் லாயம்தான்.

இப்போது அங்கே குதிரை இல்லை. லாயம் சிற்றுண்டிச் சாலையாகிவிட்டது; வண்டிக் கொட்டகையில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள். மாளிகை 1957-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு வந்துசேர்ந்தது, அதனால்தான் எங்களைப் போன்றவர்களும் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிகிறது. முற்றத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். சர்க்கரை போட்டும் நம் வீட்டு டீ போல இல்லை.

படங்களைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கோபுரப் படத்தில் ஜன்னல் ஓரத்துக் கல்லைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். இணைப்பு எங்கே என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். மணலில் முப்பது அடி இறங்கும்போது பக்கவாட்டில் சரியாமல் இருக்க, அந்தக் காலத்தில் எப்படி முட்டுக் கொடுத்திருப்பார்கள்? வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. நம் ஊர் நேரம் மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன். அதற்குள் யோசித்து வையுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்