‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டாயே, மகளே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சரிபார்க்கச் சொல்லி அனுப்பிய விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. ஆனால் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

அவள் வேலையை விட்டு 4 வருடம் ஆகிறது, இப்போது வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைத்து எழுதியிருப்பாய். நானும் வீட்டில்தானே இருக்கிறேன் பாப்பா? எனக்கு மட்டும் ‘ஓய்வுபெற்ற லேத் ஆபரேட்டர்’ என்று எழுதியிருக்கிறாயே.

உன் அம்மா 17 வயதில் தையல் கம்பெனிக்குப் போனவள். முதலில் பிசிறு வெட்டும் வேலை. மெஷினில் உட்கார 2 வருடம் ஆனது. காலர் தைப்பதில் அவள் கைக்கு ஈடில்லை என்பார்கள். கல்யாணம் பேசும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “வேலையை விடச் சொல்ல மாட்டீங்களே?” சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு குழந்தை பிறந்தால் தானே விட்டுவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

நீ பிறந்தாய். அவள் விடவில்லை.

உனக்கு 3 வயது இருக்கும்போது ஒருநாள் இடது ஆள்காட்டி விரலில் கட்டோடு வந்தாள். கேட்டதற்கு “சும்மா கீறல்” என்றாள். அவளோடு வேலை பார்த்த பெண் சொல்லித்தான் நடந்ததைத் தெரிந்துகொண்டேன். நிமிடத்துக்கு 5000 தையல் வரை ஓடும் மெஷின் அது. நகத்தின் வேர்ப்பக்கமாக ஊசி இறங்கி உடைந்திருக்கிறது. ஊசி உடைந்தால் ஒரு துண்டு விடாமல் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும், அப்போதுதான் புது ஊசி தருவார்கள். துணியோடு துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் அன்று சூப்பர்வைசர் துணியைத்தான் புரட்டிப் புரட்டித் தேடியிருக்கிறார். உன் அம்மா விரலை நீட்டி, “இதுல இருக்கு சார்” என்றாளாம்.

மூன்றாம் நாள் மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். அந்த நகம் இன்றும் நடுவில் கோடு விழுந்துதான் வளர்கிறது. அடுத்த முறை வரும்போது அவள் கையைப் பிடித்துப் பார்.

அப்புறம் எங்கள் பட்டறையை மூடினார்கள். 14 மாதம் எனக்கு வேலை இல்லை. உன் அப்பத்தாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன், வேலை தேடி அலைவேன், சாயங்காலம் திரும்புவேன். முதல் மாதக் கடைசியில் சட்டைப் பையில் கையை விட்டால் ஒரு கவர். அவளுடைய சம்பளக் கவர். மேலே எழுதியிருந்த பெயரை மட்டும் கிழித்து எடுத்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. எப்போதும்போல அப்பத்தா கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 14 மாதமும் அப்படித்தான். “என் மகன் ஒரு மாசம்கூடத் தவறவிட்டதில்லை” என்று அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உன் அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய வந்திருக்கிறது, நீயே பார்த்திருக்கிறாய். எந்தச் சண்டையிலும் அந்தக் கவரை அவள் இழுத்ததில்லை. எனக்குக் கோபம் வந்தால் பழையதையெல்லாம் கிளறுவேன். அவளிடம் கிளற அவ்வளவு பெரிய விஷயம் இருந்தும் கிளறியதில்லை.

இப்படி எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நீயும் கேட்டுவிடாதே, கூச்சப்படுவாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு ‘ஓய்வுபெற்ற தையல் தொழிலாளி’ என்று எழுது. எத்தனை வருடம் என்று கேட்டால் 31. திருத்த முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா