ஒன்பதில் ஒன்று சத்தியமங்கலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அ.தி.மு.க. முன்னாள் அமைச்சர் கே.ஏ. செங்கோட்டையன் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் (த.வெ.க.) சேர்ந்ததையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நான் கோபிசெட்டிபாளையம் தொகுதி வாக்காளன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தப்பைக் கண்டால் சிவப்பு மையில் சுழிக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை.

"கோபியில் ஒன்பது முறை வென்றவர்" என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்பது சரி, கோபி சரியில்லை. 1977இல் அவர் முதன்முதலில் ஜெயித்தது பக்கத்துச் சத்தியமங்கலத்தில். 1980 முதல்தான் கோபி. "அரை நூற்றாண்டு இடைவிடாத சட்டமன்றப் பணி" என்பதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1996இல் தோற்றார், 2001இல் கோபியில் அ.தி.மு.க. வேட்பாளர் வேறொருவர். திரும்பவும் அவர் சபைக்குள் போனது 2006இல்தான்.

"இரட்டை இலையைத் தவிர வேறு சின்னம் அறியாதவர்" என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. 1989ஐ எப்படி மறந்தீர்கள்? எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாகி, இலை முடங்கி, ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் கிடைத்த தேர்தல் அது. சேவலில் நின்று ஜெயித்த 27 பேரில் செங்கோட்டையனும் ஒருவர். எங்கள் ஊர்ச் சுவர்களில் இலையை வரைந்து பழகிய கைகள் சேவலின் கொண்டையை வரையப் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. சில சுவர்களில் அது வான்கோழி மாதிரிதான் இருந்தது. "இலை இல்லாமல் இவர் யார்?" என்று கேட்பவர்கள் அந்தத் தேர்தலைப் பார்க்கட்டும். "இலை எதற்கு, ஆள் போதும்" என்பவர்கள் 1996ஐயும் பார்க்கட்டும். அன்று இலை கையில் இருந்தும் தோற்றார். அந்த அலையில் பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார், கட்சிக்கு மொத்தமே 4 இடம்.

கட்சி மாறியதைத் துரோகம் என்று ஒரு சாராரும் தன்மானம் என்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. இதே ஈரோட்டு மாவட்டத்தில், அதே 1977இல் இலையில் ஜெயித்து வந்த சு. முத்துசாமி 2010இல் தி.மு.க.வுக்குப் போனார், 2021இல் அமைச்சரும் ஆனார். 2025 நவம்பர் 26ஆம் தேதி தலைமைச் செயலகத்தில் செங்கோட்டையனைச் சந்தித்துப் பேசிய அன்றைய தி.மு.க. அமைச்சர் சேகர்பாபுவும் ஒரு காலத்தில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.தான். நம் மாநிலத்தில் இது புதுசில்லை.

செங்கோட்டையன் போன விதம்தான் கவனிக்க வேண்டியது. 2025 அக்டோபர் 30இல் பசும்பொன் தேவர் விழாவுக்கு, அ.தி.மு.க.விலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்ட ஓ.பி.எஸ்., தினகரனோடு போனார், மறுநாள் அவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கிவிட்டார்களே, இனி எந்தக் கட்சிக்கும் போகலாமே என்று டீக்கடையில் பலர் கேட்டார்கள். முடியாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. அதற்கு உச்ச நீதிமன்றம் 1996இல் விளக்கம் சொன்ன வழக்கே நம் தமிழ்நாட்டு வழக்குதான். 1991இல் அ.தி.மு.க.வில் ஜெயித்து, பிறகு நீக்கப்பட்டு, வேறு கட்சிக்குப் போன ஜி. விஸ்வநாதனின் வழக்கு அது. நீக்கப்பட்டாலும் எந்தக் கட்சியில் ஜெயித்தாரோ அந்தக் கட்சிக்காரராகவே கருதப்படுவார், இன்னொன்றில் சேர்ந்தால் பதவி போகும் என்பது தீர்ப்பு. ஆகவே நவம்பர் 26ஆம் தேதி எம்.எல்.ஏ. பதவி ராஜினாமா, 27ஆம் தேதி பனையூர் த.வெ.க. அலுவலகம். பதவியை வைத்துக்கொண்டே அடுத்த முகாமில் உட்கார்ந்து, சபாநாயகர் முடிவு சொல்வதற்குள் ஐந்தாண்டையும் ஓட்டிவிடுகிறவர்களை நாடு முழுக்கப் பார்க்கிறோம். அவர்களோடு ஒப்பிட்டால் இவர் செய்தது கௌரவமான காரியம். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறகு தொகுதி என்ன ஆனது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை. காலியான இடத்துக்கு ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் வைக்க வேண்டும் என்பது சட்டம். மிச்சமிருக்கும் பதவிக்காலம் ஓராண்டுக்குள் என்றால் அது கட்டாயமில்லை. அவர் விலகியபோது சபைக்கு 2026 மே வரைதான் ஆயுள். 2009இல் திருச்செந்தூரில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.வாக இருந்த அனிதா ராதாகிருஷ்ணன் ராஜினாமா செய்து, தி.மு.க. வேட்பாளராக இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தாரே, அங்கே மாறியவரை ஏற்பதா வேண்டாமா என்று வாக்காளரைக் கேட்டார்கள். எங்களைக் கேட்பது 2026 பொதுத்தேர்தலில்தான். அதுவரை சட்டமன்றத்தில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் என்று பெயர் சொல்லிக் கேட்க எங்கள் தொகுதிக்கென்று ஆள் இல்லை. "அவரு எங்க போனா நமக்கென்னங்க, கையெழுத்துப் போட ஆளு வேணுமுங்களே" என்றார் பக்கத்து வீட்டு விவசாயி. யாருடைய குற்றமும் இல்லை, சட்டத்தில் உள்ள பொத்தல். உங்களைப் போன்றவர்கள் அதைப் பற்றி எழுதலாம்.

கல்வி அமைச்சராகச் செங்கோட்டையன் 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் பழக்கத்தை நிறுத்தினார். அந்த ஒன்றுக்காக ஆசிரியனாக நான் அவருக்குக் கடன்பட்டவன். ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று சொல்லிப் பிறகு 2020இல் திரும்பப் பெற்ற கூத்தையும் மறக்கவில்லை.

இன்னொன்று. அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்காக எடப்பாடி பழனிசாமிக்கு அன்னூர் அருகே நடந்த பாராட்டு விழாவுக்கு, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லை என்று போகாமல் இருந்தவர் இவர். புதுக் கட்சிக்குப் போன பிறகும் வெள்ளைச் சட்டைப் பையில் ஜெயலலிதா படம் தெரிந்தது. உங்கள் அட்டைப்படத்தில் அந்தப் பையைச் சரியாக வெட்டிவிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் முழுப் படத்தையும், சத்தியமங்கலம், சேவல் பற்றிய திருத்தங்களையும் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நம்பியூர்