கயிறு தளர்ந்ததா, மாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் போனை வைத்த வேகத்தைப் பார்த்தால், பங்காளி வழக்கில் நான் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டேனோ என்று இருந்தது. நான் சொன்னது ஒன்றுதான்: குத்துச்சண்டையில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மேனும் மறுபடி மோதியிருந்தாலும் ஜெயித்திருப்பது அலிதான். "நீ அப்ப பொறக்கவே இல்ல, ஒனக்கென்னடா தெரியும்" என்றீர்கள். பேசினால் குறுக்கே விழுவீர்கள். அதனால் எழுதுகிறேன், பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் கயிறு. சண்டை மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த, அம்பது வருஷமாக நீங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு. 1974 அக்டோபர் 30, காங்கோ நாட்டுக் கின்ஷாசாவில் விடியற்காலை நாலு மணி. (அமெரிக்காக்காரன் ராத்திரி நேரத்தில் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே, அதற்காக ஆப்பிரிக்காவில் கோழி கூவும் முன்னே சண்டை.) ஃபோர்மேனுக்கு வயது 25. ஆடிய 40 ஆட்டத்திலும் வெற்றி, அதில் 37 நாக் அவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஃபிரேசியரையும் நார்ட்டனையும் ஆளுக்கு ரெண்டு ரவுண்டில் முடித்துவிட்டு வந்திருந்தவர். அப்பேர்ப்பட்டவர் எட்டாவது ரவுண்டில் விழுந்தாரென்றால், அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ கயிற்றைத் தளர்த்திவைத்ததுதான் காரணம் என்கிறீர்கள்.

டண்டீ கடைசிவரை அதை மறுத்தார். அந்தப் புழுக்கத்தில் தானாகவே தொய்ந்துபோன கயிற்றை இழுத்துக் கட்டத்தான் பார்த்தேன் என்றார். அவர் சொன்னதை நீங்கள் நம்ப வேண்டாம். இதை மட்டும் கேளுங்கள். இருபது வருஷம் கழித்து, 1994 நவம்பரில், 45 வயது ஃபோர்மேன் அப்போதைய சாம்பியன் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கினாரே, அன்றைக்கு ஃபோர்மேனின் மூலையில் நின்று யோசனை சொன்ன ஆட்களில் ஒருவர் யார்? அதே டண்டீ. கழுத்தறுத்தவன் என்று நிஜமாகவே நினைத்திருந்தால் ஒருத்தன் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வானா? நீங்களாக இருந்தால் வாசப்படி ஏற விடுவீர்களா?

என் கணக்கில் அன்றைக்கு அலியைக் காப்பாற்றியது கயிறு பாதி, காலடியில் கிடந்த விரிப்பு பாதி. ரிங்கின் விரிப்பு மெத்தென்று காலை இழுத்தது. அதில் சுற்றிச் சுற்றி ஆடினால் ஆறாவது ரவுண்டுக்குள் தானே விழுந்துவிடுவோம் என்பது முதல் ரவுண்டிலேயே அலிக்குப் பிடிபட்டுவிட்டது. இதை உங்களுக்கா விளக்க வேண்டும்? சேற்றுழவில் செவலை எப்படி நடக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. இளங்காளை முதல் சாலிலேயே துள்ளி இழுக்கும், வெயில் ஏறுவதற்குள் நுகத்தடியோடு படுத்துவிடும். அலி கயிற்றில் சாய்ந்து, முழங்கையாலும் முன்கையாலும் வாங்கிக்கொண்டே இருந்தார். ஃபோர்மேன் வைக்கோல்போரைக் குத்துவது போலக் குத்தித் தீர்த்தார். இடையிடையே அலி அவர் பின்னங்கழுத்தை அழுத்திப் பிடித்தார். நடுவர் அதைக் கண்டித்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, கயிறு கயிறு என்றே காலம் போய்விட்டது.

ஃபோர்மேன் புருவத்தில் பட்ட வெட்டு? அது நிஜம். செப்டம்பர் 25-க்கு இருந்த சண்டை, பயிற்சியில் ஒருவரின் முழங்கை பட்டு ஃபோர்மேனின் புருவம் கிழிந்ததால் அஞ்சு வாரம் தள்ளிப்போனது. அந்த அஞ்சு வாரத்தில் ஊரே அலி பக்கம் போய்விட்டது. ஃபோர்மேன் கூட்டிப்போன அல்சேஷன் நாயைப் பார்த்தாலே முன்பு அந்த நாட்டை ஆண்ட பெல்ஜியக்காரன் போலீஸ் ஞாபகம் வருகிறது என்று அந்த ஊர் ஜனம் முகம் சுளித்ததாம். பாவம், நாய் என்ன பண்ணும்.

ஆக, 1975 ஆரம்பத்தில் மறு ஆட்டம் வைத்திருந்தால் அப்போதும் அலிதான். கயிற்றை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக் கட்டியிருந்தாலும் சரி. ஃபோர்மேனுக்கு மூச்சை எண்ணிச் செலவழிக்க அப்போது தெரியாது. 1977 மார்ச்சில் சான் ஹுவானில் ஜிம்மி யங்கோடு ஆடியபோதுகூட முழுசாகத் தெரிந்திருக்கவில்லை. அந்த வெக்கையில் 12-ஆவது ரவுண்டில் கீழே விழுந்து, புள்ளிக் கணக்கில் தோற்றார்.

இனி நீங்கள் சிரிக்கலாம். ராத்திரி முழுக்க யோசித்ததில், மறு ஆட்டம் 1976-இல் நடந்திருந்தால் என்ற கேள்வி இடித்தது.

1975 அக்டோபரில் மணிலாவில் ஃபிரேசியரோடு 14 ரவுண்டு. சாவுக்குப் பக்கத்தில் போய் வந்தது போல இருந்தது என்று ஜெயித்த அலியே சொன்ன ஆட்டம். அதற்குப் பிறகு அந்த உடம்பு பழைய உடம்பு இல்லை. 1976 ஜூன் 15 அன்று ஃபோர்மேன் அதே ஃபிரேசியரை, இந்தத் தடவை அவசரப்படாமல், அஞ்சாவது ரவுண்டில் முடித்தார். பதினோரு நாள் கழித்து அலி எங்கே இருந்தார் தெரியுமா? டோக்கியோவில், இனோக்கி என்ற மல்யுத்தக்காரர் தரையில் படுத்தபடி காலிலேயே உதைக்க, உதை வாங்கிக்கொண்டிருந்தார். காலில் ரத்தம் கட்டிப்போனது. செப்டம்பரில் நார்ட்டனோடு ஜெயித்ததாக அறிவித்தார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த வருஷக் கடைசியில் ஃபோர்மேன் முன்னால் நின்றிருந்தால் அலி ஆறாவது ரவுண்டுக்குள் தோற்றிருப்பார். ஃபோர்மேனுக்கு மூச்சு தீரும் பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் கட்சி ஜெயித்ததாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் காரணம் வேறு. 1980-இல் அலி சென்னைக்கு வந்தபோது தஞ்சாவூரில் ரயிலேறிப் போய் நேரு ஸ்டேடியத்தில் பார்த்துவிட்டு வந்தீர்கள். எம்.ஜி.ஆர். வந்திருந்த அந்தக் காட்சிப் போட்டியில், ஜிம்மி எல்லிஸோடு 38 வயதில் தொப்பையோடு ஆடிய அலியைப் பார்த்தீர்கள். அந்த உடம்பை வைத்து 1974-ஐ எடை போடுகிறீர்கள். அங்கேதான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.

இன்னொன்று கேட்க வேண்டும், கோபப்படக்கூடாது. அலி ஏன் கடைசிவரை மறு ஆட்டம் கொடுக்கவில்லை என்று எல்லாரையும் விட உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்? வடுவூர்ப் பக்கத்து மண்ணில் கபடிக் கதை ஒன்று மறைந்து கிடக்குமா? அந்த மாட்டுப்பொங்கல் கடைசி ஆட்டத்தில் எதிரூர்க்காரர் பாடி வந்தபோது கணுக்காலைப் பிடித்து இழுத்து ஆட்டத்தை முடித்தீர்கள். அவர் காலையிலிருந்து ரெண்டு ஆட்டம் ஆடிவிட்டு வந்திருந்தார். மறு வருஷம் அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றபோது உங்களுக்கு முழங்கால் பிசகிவிட்டது. அடுத்த வருஷமும் அதே முழங்கால். "ஒரு பிசகும் இல்ல, அன்னிக்கு நாலு மா நாத்தைப் பறிச்சுக் கட்டினாரு" என்று அத்தை சொல்லி நாலு வருஷமாகிறது. உங்களிடம் கேட்க இவ்வளவு நாள் தைரியம் வரவில்லை.

சம்பா அறுப்பு முடிந்ததும் வருகிறேன். அந்த எதிரூர்க்காரர் தினமும் சாயங்காலம் உங்கள் பெஞ்சில்தான் டீ குடிக்கிறாராமே. அவரையும் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்ள