கிராஃப் தரவுத்தளம்: சைஃபரை ஒதுக்க வேண்டாம்

ஐயா,

தரவை நோடுகளாகவும் (தனித்தனிப் புள்ளிகள்) அவற்றுக்கிடையேயான உறவுகளாகவும் சேமிக்கும் கிராஃப் தரவுத்தளமான நியோ4ஜே பற்றிய தங்கள் கட்டுரை, நோடுகளை நிரலின் பொருள்களாக (ஆப்ஜெக்ட்) மாற்றித் தரும் ஓஜிஎம் லைப்ரரி இருந்தால், நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபரில் வினவலே எழுதத் தேவையில்லை என்கிறது. மாணவர்கள் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஜாவாவின் நியோ4ஜே ஓஜிஎம்மில் ஒரு பொருளை ஏற்றினால் இயல்பான ஆழம் (எத்தனை உறவுகள் தாண்டிச் சென்று தரவை எடுப்பது என்ற அளவு) 1. அந்த நோடும் அதன் நேரடி அண்டை நோடுகளும் மட்டுமே வரும். ஆழத்தை -1 என்று வைத்தால், உறவுகள் வழியே எட்டக்கூடிய அனைத்தும் வந்து நினைவகம் நிரம்பிவிடலாம். ஆழம் 2-ஐத் தாண்டும் தேவை இருந்தால் சைஃபர் எழுதுவதே நல்லது.

ஜாவாவின் ஸ்பிரிங் கட்டமைப்பில் நியோ4ஜேயைப் பயன்படுத்த உதவும் லைப்ரரியான ஸ்பிரிங் டேட்டா நியோ4ஜேயின் 2020-இல் வந்த 6-ஆம் பதிப்பு, ஓஜிஎம்மையே கைவிட்டது. அதில் ஆழ அளவுரு கிடையாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: உங்கள் வினவல் உறவுகளை விட்டுவிட்டு நோடை மட்டும் திருப்பித் தந்தால், பொருளின் உறவுப் பட்டியல் காலியாக இருக்கும். பெயரை மட்டும் திருத்திச் சேமித்தாலும், தரவுத்தளத்தில் இருந்த அந்த உறவுகள் அழிந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. இத்தகைய திருத்தங்களுக்கு புரொஜெக்‌ஷன் (பொருளின் சில புலங்களை மட்டும் கொண்ட வடிவம்) வழியாகத் தேவையான புலங்களை மட்டும் சேமிக்க வேண்டும்.

ஒவ்வொரு நோடுக்கும் நியோ4ஜே தானாகத் தரும் உள் எண்ணை அடையாளமாக வைக்கவே கூடாது. நோடை நீக்கிய பின் அதே எண் வேறொன்றுக்குப் போகலாம். யுயுஐடி (மீண்டும் வராதபடி உருவாக்கப்படும் நீண்ட அடையாளக் குறி) வைத்து, ஒரே மதிப்பு இரு நோடுகளுக்கு வராமல் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடும் அதற்கு இடுங்கள். கட்டுப்பாடு இல்லாமல் ஒரே நேரத்தில் இரு மெர்ஜ் (நோடு இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் உருவாக்கும் சைஃபர் கட்டளை) ஓடினால் இரட்டை நோடுகள் உருவாகலாம்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்